என்ரிகோ கரூசோ: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

பழைய இசைத்தட்டுகளில் ஆர்வம் உள்ளவன் என்று தெரிந்தவுடன், நண்பர்களும் நண்பர்களின் நண்பர்களும் கரூசோவைப் பற்றிக் கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள். சந்தேகங்கள் பெரும்பாலும் அதே சந்தேகங்கள்தான். ஆளுக்கொரு தடவை விளக்கி அலுத்துப்போனதால் இங்கே தொகுத்து வைத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். மேலை இசை பழக்கமில்லாதவர்கள் முதல் மூன்று பதில்களைத் தாண்டிவிடாமல் படிப்பது நல்லது. பின்னால் வரும் பல பதில்கள் அவற்றின் மேல்தான் நிற்கின்றன.

யார் இந்தக் கரூசோ? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் 1873 பிப்ரவரி 25 அன்று பிறந்த ஓபரா பாடகர். ஓபரா என்பது பாட்டாலேயே நடக்கும் மேலை நாடகம். 1895இல் மேடையேறினார். 1903 முதல் 1920 வரை நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபராவில் முதன்மை டெனராக இருந்தார். அந்தக் குழுவோடு மட்டும் 800 தடவைக்கு மேல் பாடியிருக்கிறார். அவர் இருந்த 18 பருவங்களில் ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் தொடக்க நாள் மேடை அவருடையது. 1921 ஆகஸ்ட் 2 அன்று, பிறந்த ஊரிலேயே இறந்தார். வயது 48.

இவரைவிடப் பெரிய பாடகர்கள் இருந்தார்களா என்று விடிய விடிய வாதாடலாம். ஆனால் இவர் காலத்துக்கு முன்பெல்லாம் பாடகர் இறந்தால் குரலும் கூடவே போய்விடும். கேட்டவர்கள் சொல்லும் புகழ்ச்சிதான் மிஞ்சும். ஓபரா அரங்கின் வாசலையே மிதிக்காத லட்சக்கணக்கானவர்களின் வீட்டுக் கூடத்துக்குள் குரலாகவே நுழைந்த முதல் பெரும் பாடகர் கரூசோ. அவர் குரலும் கிராமபோன் கருவியும் ஒரே காலத்தில் வந்து சேர்ந்தன. இந்தப் பக்கத்தில் உள்ள பாதிக் கேள்விகள் அந்தச் சந்திப்பிலிருந்து கிளம்பியவைதான்.

டெனர் என்றால் உச்சஸ்தாயியில் பாடுகிற ஆண் என்று எடுத்துக்கொள்ளலாமா?

ஏறக்குறைய. மேலை இசையில் ஆண் குரலைக் கீழிருந்து மேலாகப் பாஸ், பாரிடோன், டெனர் என்று மூன்றாகப் பிரிப்பது வழக்கம். நம் கச்சேரியில் பாடகர் தம் குரலுக்கு ஏற்ற சுருதியை வைத்துக்கொள்கிறார். கட்டையைக் கூட்டலாம், குறைக்கலாம். ஓபராவில் இசையமைப்பாளர் எழுதிய சுருதியில் வாத்தியக்குழு முழுவதும் வாசிக்கும். ஆகவே பாடகர் தம் குரலுக்கு ஏற்ற வேடத்தைத்தான் தேடிக்கொள்ள வேண்டும். (இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. ஹை சி பற்றிய கேள்வியில் வருகிறது.) காதலன் வேடம் பெரும்பாலும் டெனருக்கு, தகப்பனும் வில்லனும் பாரிடோனுக்கு, குருமாரும் பிசாசும் பாஸுக்கு.

கர்நாடக இசை கேட்பவர்களுக்காக ஓர் அளவு. ஒரு கட்டை சுருதியில் பாடும் ஆண் பாடகர் மேல்ஸ்தாயிப் பஞ்சமத்தில் நின்றாலே சபை நிமிர்ந்து உட்காரும். டெனர்களிடம் ரசிகர்கள் எதிர்பார்க்கும் 'ஹை சி' அந்த மேல்ஸ்தாயி முழுவதையும் கடந்து அடுத்து வரும் ஷட்ஜம். அதையும் கள்ளக்குரலில் தொட்டுவிட்டு இறங்கிவிடக் கூடாது. முழுக்குரலில் நின்று காட்ட வேண்டும்.

மைக் இல்லாமல் பாடினாரா? நம் எஸ்.ஜி.கிட்டப்பா போலவா?

மைக் இல்லாமல்தான். கிட்டப்பாவின் நாடகக் கொட்டகையை நினைத்துக்கொண்டால் பாதி புரிந்துவிடும். மீதிப் பாதி என்னவென்றால், கரூசோவுக்கும் சபைக்கும் நடுவே ஒரு பெரிய வாத்தியக்குழு உட்கார்ந்திருக்கும். வயலின் வரிசைகள், எக்காளங்கள், முரசுகள் எல்லாவற்றையும் தாண்டி, 3,000 பேருக்கு மேல் உட்காரும் அரங்கின் கடைசி அடுக்குவரை குரல் போய்ச் சேர வேண்டும்.

வெறும் சத்தத்தால் இது நடக்காது. பயிற்சி பெற்ற ஓபரா குரலில் 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியில் ஒலிச்சக்தி குவிந்திருக்கும். வாத்தியக்குழுவின் ஒலி அந்த உயரத்தில் மெலிந்துவிடுகிறது. மனிதக் காது அங்கேதான் மிகவும் கூர்மையாக இருக்கிறது. தொண்டையைத் திறந்து, குரல்வளையைத் தாழ்த்தி, அந்த ஒலிக்குவிப்பை வரவழைக்கும் வித்தையைத்தான் ஓபரா ஆசிரியர்கள் வருடக்கணக்கில் சொல்லிக் கொடுக்கிறார்கள். கடைசிக் கேள்விக்கு இந்த 3,000 என்ற எண் தேவைப்படும்.

21 குழந்தைகளில் 18ஆவதாகப் பிறந்தவர் என்று படித்தேன். உண்மையா?

இல்லை. அவர் வாழ்ந்த காலத்திலேயே பரவிவிட்ட கதை இது. அவரும் தடுத்ததாகத் தெரியவில்லை. ஊர்ப் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தவர்கள் கண்டது: ஏழு குழந்தைகளில் மூன்றாமவர். குழந்தைப் பருவத்தைத் தாண்டிப் பிழைத்தவர்கள் மூன்று பேர். ஏழில் நான்கைப் பறிகொடுத்த தாய் என்பதே போதுமான துயரம். அதை 21 ஆக்க வேண்டிய அவசியமில்லை.

தகப்பனார் மார்செல்லினோ இயந்திரத் தொழிலாளி. மகனும் அதே வேலைக்கு வர வேண்டும் என்பது அவர் கணக்கு. 11 வயதில் பையனைப் பொதுக் குடிநீர் ஊற்றுகள் செய்யும் ஒரு பட்டறையில் சேர்த்துவிட்டார். அங்கே வரைபடம் வரையக் கற்ற கைதான் பிற்காலத்தில் கேலிச்சித்திரம் போட்டது. தாய் அன்னா 1888இல் இறந்தபோது என்ரிகோவுக்கு வயது 15. பாட்டுக்கு ஆதரவாக இருந்தவர் அவர். அதன் பிறகு தேவாலயத்திலும் தெருவிலும் காப்பிக் கடைகளிலும் பாடிக் கிடைத்த காசில் காலம் தள்ளினார்.

கடவுள் கொடுத்த குரல்தானே? பயிற்சியெல்லாம் பெயருக்குத்தானே?

இந்தக் கேள்விக்குத்தான் எனக்குக் கோபம் வரும். குலியெல்மோ வெர்ஜினே என்ற ஆசிரியர் இந்தக் குரலை முதன்முதலில் கேட்டபோது, ஜன்னல் இடுக்கில் காற்று ஊதுவது போல இருக்கிறது என்றாராம். சேர்த்துக்கொண்டார், ஆனால் ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்து வாங்கிக்கொண்டு: வருமானத்தில் 25 சதவீதம் ஆசிரியருக்கு, 'ஐந்து ஆண்டுகள் பாடும் வரை'. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்மையில் மேடையில் பாடிய நாள்களை மட்டும் கூட்டி ஐந்து ஆண்டு ஆக வேண்டும் என்பது அதன் பொருள். அப்படிப் பார்த்தால் கிழவனாகும் வரை கப்பம் கட்ட வேண்டியிருக்கும். பிறகு வழக்கு நடந்துதான் அதிலிருந்து விடுபட்டார்.

1894இல் கட்டாய ராணுவச் சேவை வந்தது. ரியேத்தி நகரில் இருந்த படைப்பிரிவின் மேஜர், இவர் பாடுவதைக் கேட்டுவிட்டு, இந்தக் குரலைத் துப்பாக்கிப் பயிற்சியில் வீணாக்கக் கூடாது என்று முடிவு செய்தார். தம்பி ஜொவான்னி அண்ணனுக்குப் பதிலாகப் படையில் சேர்ந்தான். அண்ணன் வீடு திரும்பினார். 1895 மார்ச் 15 அன்று நேப்பிள்ஸின் டியாட்ரோ நுவோவோவில் முதல் மேடை. நாடகம் தோற்றது, பெயரைக்கூட இன்று யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. அந்த ஆண்டுகளில் மேல் ஸ்வரங்களில் அவர் குரல் அடிக்கடி உடையும். வின்சென்சோ லொம்பார்தி என்ற வாத்தியக்குழு நடத்துநரிடம் உட்கார்ந்து அதைச் சரிசெய்துகொண்டார். மிலானில் 1898இல் ஜொர்தானோவின் 'ஃபெடோரா' அரங்கேறியபோதுதான் ஐரோப்பா திரும்பிப் பார்த்தது.

புகழின் உச்சத்திலும் சடங்கு விடவில்லை. மேடையேறுமுன் ஒப்பனை அறையில் அவர் செய்வதை மனைவி டோரதி எழுதி வைத்திருக்கிறார்: உப்புநீரால் தொண்டையைக் கொப்பளிப்பார்; மூக்குப்பொடி போட்டு மூக்கைத் திறந்துகொள்வார்; கொஞ்சம் விஸ்கி, பிறகு சோடா நீர்; முடிவாகக் கால் துண்டு ஆப்பிள். எந்த உடையானாலும் சட்டைப்பையில் வெதுவெதுப்பான உப்புநீர்க் குப்பிகள் இருக்கும். இவ்வளவுக்கும் நடுவே விடாமல் சிகரெட் பிடித்தார் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். இதைப் பின்பற்றுகிறேன் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம்.

புச்சினி இவர் குரலைக் கேட்டு, "உன்னை அனுப்பியது யார், கடவுளா?" என்றாராமே?

அப்படித்தான் சொல்லப்படுகிறது, அறையில் வேறு சாட்சி இல்லை. சூழ்நிலை மட்டும் உறுதி. 1897இல் லிவோர்னோ நகரில் 'லா போஹேம்' நாடகத்தில் பாட வாய்ப்பு வந்தபோது, இசையமைப்பாளரே சம்மதித்தால் தேவலை என்று புச்சினியின் வீட்டுக்குப் போய்ப் பாடிக் காட்டினார். சம்மதம் கிடைத்தது. 13 ஆண்டுகள் கழித்து, புச்சினியின் 'லா ஃபன்சுல்லா டெல் வெஸ்ட்' 1910 டிசம்பர் 10 அன்று நியூயார்க்கில் முதன்முதலாக மேடையேறியபோது கதாநாயகன் கரூசோ, நடத்துநர் தோஸ்கனினி. கடவுள் வசனத்தைவிட இதுதான் நல்ல சான்று.

சொந்த ஊரில் கூச்சல் போட்டு விரட்டினார்களாமே?

விரட்டவில்லை, ஆனால் காயப்படுத்தினார்கள். 1901 டிசம்பரில், மிலானின் லா ஸ்கலா அரங்கில் பேர் வாங்கிவிட்டு, நேப்பிள்ஸின் சான் கார்லோ அரங்குக்குப் பாட வந்தார். அந்த அரங்கில் அபிப்பிராயம் சொல்வதற்கென்றே ஒரு கூட்டம் உண்டு. அவர்களையும் உள்ளூர் விமர்சகர்களையும் முன்கூட்டியே போய்ப் பார்த்து வணங்குவது மரபு. கரூசோ போகவில்லை. கைதட்டலோடு சீழ்க்கையும் வந்தது, பத்திரிகையிலும் குறை எழுதினார்கள்.

இனி நேப்பிள்ஸில் பாட மாட்டேன், வந்தால் சாப்பிட மட்டும்தான் வருவேன் என்றார். சொன்னபடியே அதற்குப் பிறகு அந்த ஊர் மேடையில் அவர் ஏறவே இல்லை. நான் நேப்பிள்ஸ்காரர்களை முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். வெளியூரில் பேர் வாங்கியவனை உள்ளூரில் இன்னொரு முறை பரீட்சை வைத்துப் பார்ப்பது எல்லா ஊரிலும் உள்ளதுதான்.

முதல் இசைத்தட்டு எப்படிப் பதிவானது?

கிராமபோன் நிறுவனத்தின் பதிவாளர் ஃப்ரெட் கைஸ்பெர்க் 1902 வசந்தத்தில் மிலான் வந்தார். லா ஸ்கலாவில் கரூசோவைக் கேட்டார். பத்துப் பாட்டுக்கு 100 பவுண்டு வேண்டும், ஒரே பிற்பகலில் முடித்துக்கொள்ளலாம் என்று பேச்சு வந்தது. லண்டன் தலைமையகத்துக்குத் தந்தி அடித்தார். கட்டணம் மிக அதிகம், பதிவு செய்யாதே என்று பதில் தந்தி வந்தது. கைஸ்பெர்க் அந்தத் தந்தியைக் கண்டுகொள்ளவில்லை. இசைத்தட்டு வரலாற்றில் இவ்வளவு லாபகரமான கீழ்ப்படியாமை வேறு இருக்குமா தெரியவில்லை.

ஏப்ரல் 11 அன்று கிராண்ட் ஹோட்டலின் ஓர் அறையில் பதிவு. அதற்கு முந்தைய ஆண்டு இசையமைப்பாளர் வெர்தி உயிர்விட்டதும் அதே ஹோட்டலில்தான். சுவரையொட்டி ஒரு கூம்புக் குழாய் தொங்கியது. பியானோ வாசித்தவருக்குப் பெட்டிகளை அடுக்கி உயரமான மேடை. பத்துப் பாட்டும் வரிசையாக மெழுகில் இறங்கின. கவனித்துக் கேட்டால் சில தட்டுகளில் அவசரம் தெரியும். அந்தத் தட்டுகள் லண்டனுக்குப் போன வேகமும், மே மாதம் கரூசோ அங்கே கவென்ட் கார்டன் ஓபரா அரங்கில் பாடகி நெல்லி மெல்பாவுடன் 'ரிகொலெத்தோ' பாடியதும் ஒன்றுக்கொன்று விளம்பரமாகிவிட்டன.

நமக்கு இதில் ஓர் ஒட்டுறவு உண்டு. அதே கைஸ்பெர்க் அதே ஆண்டு நவம்பரில் கல்கத்தாவில் ஒரு ஹோட்டல் அறையில் கௌஹர் ஜானைப் பதிவு செய்தார். பாட்டின் முடிவில் ஆங்கிலத்தில் தம் பெயரைச் சொல்வாரே, அவர்தான். மிலானில் கரூசோ, கல்கத்தாவில் கௌஹர் ஜான், இரண்டும் ஏழு மாத இடைவெளியில் ஒரே மனிதரின் கையால்.

அந்தக் காலத் தட்டுகளில் மற்றவர்கள் குரலெல்லாம் தகர டப்பா போல் கேட்கிறது. இவர் மட்டும் ஏன் மனிதராகக் கேட்கிறார்?

பதிவில் மின்சாரமே கிடையாது. 1925 வரை அப்படித்தான். பாடகர் குழாயின் வாய்க்குள் பாடுவார். காற்றின் அதிர்வு ஒரு மெல்லிய தகட்டை ஆட்டும். தகட்டோடு சேர்ந்த ஊசி சுழலும் மெழுகில் கீறும். இந்த அமைப்பு சுமார் 250 ஹெர்ட்ஸிலிருந்து 2,500 ஹெர்ட்ஸ் வரைதான் ஓரளவு பிடிக்கும். அதற்குக் கீழும் மேலும் எல்லாம் சேதாரம். சொப்ரானோ எனப்படும் உச்சக்குரல் பெண்களின் குரலுக்கு அழகு தரும் மேலொலிகள் வெட்டுப்பட்டுப் போகும். வயலின் கூட்டம் கேட்கவே கேட்காது. அதற்காகத் தனிக் குழாய் பொருத்திய வயலின்கள் செய்தார்கள், கீழ்ஸ்தாயி வாத்தியங்களுக்குப் பதில் பித்தளைக் கருவிகளை வைத்தார்கள்.

கரூசோவின் குரலில் நடுப்பகுதி கனமானது, பாரிடோன் சாயல் உள்ளது. குழாய் பிடிக்கும் எல்லைக்குள் அதன் பெரும்பகுதி அடங்கிவிடுகிறது. இன்னொன்று, அவர் குழாயோடு பழகக் கற்றார். மெல்லிய வரிகளில் நெருங்கி, உரத்த ஸ்வரத்தில் விலகி நின்று பாடினார். இல்லாவிட்டால் ஊசி தடம்புரண்டு மெழுகு பாழாகும். 1902 தட்டையும் 1907க்குப் பிந்தைய ஒரு தட்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் இந்தப் பழக்கம் புரியும்.

பத்து லட்சம் விற்ற முதல் இசைத்தட்டு இவருடையதுதானா?

லெயோன்கவால்லோவின் 'பல்யாச்சி' நாடகத்தில் வரும் 'வெஸ்தி லா ஜூப்பா' பாட்டைத்தான் சொல்கிறீர்கள். மனைவி வேறொருவனை விரும்புகிறாள் என்று தெரிந்த கோமாளி, இன்னும் சற்று நேரத்தில் சபையைச் சிரிக்க வைக்க மேடையேற வேண்டும். முகத்துக்கு மாவு பூசிக்கொண்டே பாடுவது. இதை அவர் 1902, 1904, 1907 என மூன்று முறை பதிவு செய்தார். பத்து லட்சம் என்ற கணக்கு மூன்றையும், பல ஆண்டு விற்பனையையும் சேர்த்துச் சொல்லப்படுவது. முதலாவதா, இரண்டாவதா என்ற பந்தயத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை.

விலையைப் பாருங்கள், அது இன்னும் சுவாரசியம். அமெரிக்காவில் விக்டர் நிறுவனம் இவருடைய 12 அங்குலத் தட்டை, ஒரு பக்கம் மட்டும் பாட்டு உள்ளதை, 3 டாலருக்கு விற்றது. 1908இல் ஆறு பாடகர்கள் சேர்ந்து பாடிய 'லூசியா' அறுவர் பாட்டுத் தட்டு 7 டாலர். நான்கு நிமிடப் பாட்டுக்கு இது. வாங்கினார்கள்.

ஹை சி பாட வராத ஆள் எப்படி உலகின் பெரிய டெனர் ஆனார்?

கேள்வியில் பாதி சரி. ஹை சி அவருக்கு எளிதாக வரும் ஸ்வரம் அல்ல. இரண்டாவது கேள்வியில் சொன்ன விதிவிலக்கு இதுதான்: பாட்டு முழுவதையும் அரைச் சுருதி இறக்கி, வாத்தியக்குழுவுக்கு அதற்கேற்ற தாள்களைக் கொடுத்துவிடுவார்கள். 'லா போஹேம்' முதல் அங்கத்தின் புகழ்பெற்ற பாட்டை அவர் அப்படி இறக்கிப் பாடுவது வழக்கம். இதை அவர் மட்டும் செய்யவில்லை, ரகசியமாகவும் செய்யவில்லை. சில பதிவுகளில் அந்த ஸ்வரத்தைத் தொட்டும் இருக்கிறார்.

ஆனால் அந்த ஒரு ஸ்வரத்தை வைத்து டெனரை எடை போடுவது சூதாட்டக்காரர் ரசனை. வெர்தியின் 'இல் த்ரோவதோரே' போர்ப் பாட்டில் எல்லோரும் காத்திருக்கும் ஹை சி வெர்தி எழுதியதே அல்ல; பாடகர்கள் சேர்த்தது, மரபாகிவிட்டது. புச்சினியும் 'லா போஹேம்' தாளில் கீழே பாடிக்கொள்ள மாற்று வரி கொடுத்திருக்கிறார். கரூசோவின் செல்வம் அதற்குக் கீழே இருந்தது: ஒரு வரியை முழுமூச்சில் இழுத்துக்கொண்டு போகும் விதம், சொல்லைத் தின்னாத உச்சரிப்பு, கனத்த குரல் உடையாமல் மெலியும் இடம். 1909இல் குரல்நாணில் முளைத்த முடிச்சை அகற்ற அறுவை சிகிச்சை செய்துகொண்டார். அதற்குப் பிறகு குரல் இன்னும் கறுத்து, 'லா ஜூவ்' நாடகத்தின் யூத முதியவர் எலெயசார் போன்ற கனமான வேடங்களுக்கு நகர்ந்தது. எனக்கு அந்தப் பிற்காலக் கரூசோதான் பிடிக்கும். எதிர்க்கட்சியினர் நிறைய உண்டு.

பாஸ் பாடகரின் பாட்டை மேடையில் பாடிவிட்டாராமே? டெனரால் முடியுமா?

முடிந்தது. 1913இல் பிலடெல்பியாவில் 'லா போஹேம்'. தத்துவம் பேசும் நண்பன் தன் பழைய மேலங்கியை அடகு வைக்கப் போகும்போது அதற்கு விடை சொல்லிப் பாடும் சின்னப் பாட்டு கடைசி அங்கத்தில் வரும். அதைப் பாட வேண்டிய செகுரோலாவுக்குக் குரல் போய்விட்டது. கரூசோ சபைக்கு முதுகைக் காட்டியபடி அவருக்காகப் பாடினார். பலருக்கு ஆள் மாறியதே தெரியவில்லை. பிறகு நண்பர்களுக்காக அதைத் தட்டிலும் பதிவு செய்தார். முந்தைய பதில்களில் 'பாரிடோன் சாயல்' என்று சொன்னதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

எவ்வளவு சம்பாதித்தார்?

மெட்ரோபாலிட்டனில் கடைசி ஆண்டுகளில் ஒரு நாள் பாட்டுக்கு 2,500 டாலர். நிர்வாகி கட்டி-கசாட்சா இன்னும் கூடுதலாகத் தரத் தயாராக இருந்தும் இவரே வேண்டாம் என்றதாகச் சொல்வார்கள். அதிகம் வாங்கினால் அதற்கேற்ப அதிகம் எதிர்பார்ப்பார்கள் என்ற கவலையாம். வெளியூரில் இந்தத் தயக்கம் இல்லை. 1920இல் ஹவானாவில் ஒரு நாளுக்கு 10,000 டாலர். அங்கே 'ஐடா' நடந்துகொண்டிருந்தபோது அரங்கில் குண்டு வெடித்ததும், வேடத்தோடு அவர் தெருவுக்கு வந்ததும் அந்தச் சம்பளத்துக்குள் அடக்கம்.

இதோடு தட்டுகளுக்கான உரிமைத்தொகை. 1918இல் சினிமாவும் சேர்ந்தது. 'மை கசின்' என்ற அந்தப் படம் பேசாப் படம். உலகின் மிகப் புகழ்பெற்ற குரலைக் கொண்டுவந்து வாயசைக்க விட்ட தயாரிப்பாளர்களின் துணிச்சலை நான் மெச்சுகிறேன். படம் ஓடவில்லை.

சான் பிரான்சிஸ்கோ பூகம்பம், குரங்குக் கூண்டு வழக்கு, மாஃபியா மிரட்டல்... இதில் எது கட்டுக்கதை?

மூன்றும் நடந்தவை. 1906 ஏப்ரல் 17 இரவு சான் பிரான்சிஸ்கோவில் 'கார்மென்' பாடிவிட்டு பேலஸ் ஹோட்டலில் தூங்கினார். மறுநாள் விடியற்காலை ஊர் இடிந்தது. தப்பித்து வந்தவர் திரும்ப அந்த ஊருக்குப் போகவே இல்லை.

அதே ஆண்டு நவம்பரில் நியூயார்க் சென்ட்ரல் பார்க் மிருகக்காட்சி சாலையின் குரங்குக் கூடத்தில் ஒரு பெண்ணிடம் தவறாக நடந்துகொண்டதாகக் கைதானார். கடைசிவரை மறுத்தார், நீதிமன்றம் 10 டாலர் அபராதம் விதித்தது. அடுத்து மேடையேறிய நாளில் சபை கைதட்டி வரவேற்றது. கைதட்டல் தீர்ப்பாகாது என்பதால் இதற்கு மேல் நான் எதுவும் சொல்வதில்லை. 1910இல் 'கறுப்புக் கை' என்ற பெயரில் மிரட்டிப் பணம் பறிக்கும் கும்பல் 15,000 டாலர் கேட்டது. போலி மூட்டையை வைத்துக் காத்திருந்த போலீசார் ஆள்களைப் பிடித்தார்கள்.

மனைவி டோரதியா, அடாவா? ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொன்று எழுதுகிறார்கள்.

அடா ஜாக்கெத்தி பாடகி. 1897இல் லிவோர்னோவில் சந்தித்தவர். அவருக்கு ஏற்கெனவே கணவர் இருந்தார், இத்தாலியில் அப்போது விவாகரத்து இல்லை. ஆகவே திருமணம் இல்லாமலே சேர்ந்து வாழ்ந்தார்கள். இரண்டு மகன்கள். 1908இல் அடா வீட்டுக் கார் ஓட்டுநருடன் போய்விட்டார். பிணக்கு மிலான் நீதிமன்றம் வரை போய் ஊர் சிரித்தது. அந்த ஆண்டுகளில் கோமாளிப் பாட்டைக் கேட்டவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று ஊகிப்பது கடினமல்ல. டோரதி பார்க் பெஞ்சமின் அமெரிக்கர். 1918 ஆகஸ்டில் திருமணம், அடுத்த ஆண்டு மகள் குளோரியா. சட்டப்படி மனைவி இவர் ஒருவரே.

பாடிக்கொண்டிருக்கும்போதே மேடையில் இறந்தார் என்கிறார்களே?

இல்லை. ஆனால் இந்தக் கதை ஏன் பிறந்தது என்பது புரிகிறது. 1920 டிசம்பர் தொடக்கத்தில் 'சாம்சன்' நாடகத்தில் மேடைத் தூண் சரிந்து முதுகில் அடிபட்டது. டிசம்பர் 11 அன்று புரூக்ளினில் 'லெலிசிர் தமோரே' பாடும்போது வாயிலிருந்து இரத்தம் வந்தது. அது நகைச்சுவை நாடகம். அவர் நிறுத்தவில்லை, பக்க மறைவிலிருந்தும் கோஷ்டியினர் கையிலிருந்தும் துணிகள் ஒவ்வொன்றாக வந்தன, துடைத்துத் துடைத்துப் போட்டுவிட்டுப் பாடினார். முதல் அங்கத்தோடு நாடகம் நிறுத்தப்பட்டது. டிசம்பர் 24 அன்று 'லா ஜூவ்'வில் எலெயசாராகப் பாடியதுதான் கடைசி மேடை.

மறுநாள், கிறிஸ்துமஸ் அன்று, வலி தாங்காமல் அலறி விழுந்தார். நுரையீரல் உறையில் சீழ் பிடித்திருந்தது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் (ஆன்டிபயாட்டிக்) இல்லாத காலம். திரும்பத் திரும்ப அறுத்துச் சீழை வடித்தார்கள். 1921 மே மாதம் இத்தாலிக்குக் கப்பலேறி, சொரெந்தோவில் ஓய்வெடுத்தார். தேறி வருவது போலவும் இருந்தது. மீண்டும் காய்ச்சல் கூடியது. ரோமில் அறுவை சிகிச்சை என்று முடிவாகிப் புறப்பட்டவர் வழியில் நேப்பிள்ஸைத் தாண்டவில்லை. வெசூவியோ ஹோட்டலில் ஆகஸ்ட் 2 காலை உயிர் பிரிந்தது. வயிற்றுக்குள் சீழ்க்கட்டி உடைந்ததே காரணமாக இருக்கலாம் என்பது பின்னாளைய மருத்துவர்களின் கருத்து.

உடலைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்களா?

ஆமாம். பதப்படுத்தி, நேப்பிள்ஸ் கல்லறைத் தோட்டத்தின் சிற்றாலயம் ஒன்றில் பார்வைக்கு வைத்தார்கள். அவ்வப்போது உடையும் மாற்றினார்களாம். 1929இல் டோரதி தலையிட்டு மூடச் செய்தார். நல்ல வேலை செய்தார்.

கணினியில் இரைச்சலை நீக்கிய பதிவுகள் வருகின்றனவே, அவை அவருடைய உண்மையான குரல்தானா?

இரைச்சல் போவது ஒரு பக்கம். குழாயின் கூம்பு வடிவம் தானாகவே சில ஒலிகளை ஊதிப் பெருக்கும். 1970களில் தாமஸ் ஸ்டாக்ஹாம் என்ற அமெரிக்கப் பொறியாளர் அந்தப் பெருக்கத்தைக் கணினி மூலம் கணக்கிட்டுக் கழித்தார். குரல் தகரத்திலிருந்து சற்று வெளியே வந்தது. ஆனால் பதிவாகாததை எந்தக் கணினியும் மீட்டுத் தராது. மைக் இல்லாப் பாட்டைப் பற்றிய பதிலில் 3,000 ஹெர்ட்ஸ் என்று சொன்னேன். குழாயின் எல்லை 2,500ஐ ஒட்டியது என்றும் சொன்னேன். அரங்கின் கடைசி வரிசைக்குப் பாய்ந்த அந்த மினுக்கம்தான் மெழுகில் விழாமல் போனது. நாம் கேட்பது குரலின் உடம்பு, அதன் பளபளப்பு அல்ல. 1932இல் பழைய குரலுக்கு அடியில் புது வாத்தியக்குழுவை ஒட்டி விற்ற தட்டுகளும் இணையத்தில் உலவுகின்றன. தொடங்குபவர்கள் அவற்றை ஒதுக்கிவிடலாம்.

இரைச்சலைவிடப் பெரிய ஏமாற்று வேகம். '78 சுற்று' என்பது பிற்காலத்தில் நிலைத்த அளவு. கரூசோவின் விக்டர் தட்டுகள் பலவற்றுக்கு 76க்குச் சற்று மேலான வேகம் பொருந்துகிறது. 1902 தட்டுகளில் வேகம் இன்னும் தாறுமாறு. எல்லாவற்றையும் 78இல் ஓட்டினால் சுருதி ஏறும், குரல் மெலிந்து துடிப்பு கூடும், கனத்த மனிதர் இளைத்தவராகிவிடுவார். வேகத்தில் 6 சதவீத வித்தியாசம் வந்தால் அரைச் சுருதியே மாறிவிடும். அவர் ஹை சி பாடினார் என்று ஒரு தட்டைக் காட்டி வாதாடுபவர்களிடம், அந்தத் தட்டு எந்த வேகத்தில் ஓடியது என்று முதலில் கேளுங்கள். அவர் இறக்கிப் பாடிய பாட்டு, வேகமாக ஓடியதால் ஏறியும் கேட்டிருக்கலாம். நல்ல மறுபதிப்பாளர்கள் அந்தக் கால வாத்தியக்குழுவின் சுருதியையும் பாட்டு எழுதப்பட்ட சுருதியையும் ஒப்பிட்டு, தட்டுக்குத் தட்டு வேகத்தைத் தனித்தனியாக முடிவு செய்து, அதை உறையிலும் அச்சிடுவார்கள். வேகத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லாத தொகுப்பு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம்.